வெள்ளச்சியோட கல்லு

எல்லாரும் கிட்ட வாங்க, கதை சொல்றேன்! எந்தக் காலம்னு கேக்காதீங்க, ரொம்ப ரொம்ப முன்னாடி மணலூர்னு ஒரு ஊரு, அதுக்கு ஒரு ராசா.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். அப்பா செத்துட்டா, வாரிசு ஈரக் களிமண்ணுல காலடி பதிக்கணும். அதைச் செங்கல்லா சுட்டு மன்றத்துச் சுவத்துல வெப்பாங்க. கல்லு இருந்தாத்தான் ஊர்க்காரங்க, நிலம் அவங்களுது. மூணு பொங்கலுக்குள்ள பதிக்கலன்னா நிலம் அரண்மனைக்குப் போயிரும்.

வெள்ளச்சிக்கு அப்பா விட்டுட்டுப் போனது ஒரு வெத்தலைக் கொடிக்கால். கொடி நடுறது, தண்ணி ஊத்துறது, வெத்தலை கிள்ளுறது எல்லாம் அவளேதான். ஆனா பொறந்ததுலேர்ந்தே ரெண்டு காலும் இல்ல. கையை ஊணித்தான் நகருவா.

மொத பொங்கலுக்கு மன்றத்துக்குப் போனா.

"காலு எங்கம்மா?"ன்னாரு கணக்குப்பிள்ளை.

"இல்லைங்க. கை இருக்கு."

"கைக்கெல்லாம் கல்லு கிடையாது, போ போ!"

ரெண்டாவது பொங்கலுக்கு முருங்கை மரத்துல ஒரு பாதம் செதுக்கி எடுத்துட்டுப் போயி நச்சுன்னு பதிச்சா.

கணக்குப்பிள்ளைக்குச் சிரிப்புத் தாங்கல. "ஏம்மா, முருங்கை மரத்துக்கா ஊர்ல இடம் கேக்குற?"

மூணாவது பொங்கல். கடைசித் தவணை! கொடிக்காலை எடுத்துக்க ராசாவே பல்லக்குல வந்துட்டாரு. வெள்ளச்சி மன்றத்து முன்னாடி வழியை மறிச்சு உக்காந்துட்டா.

"ராசா, இந்தச் சுவத்துல உங்க கல்லு எது?"

கணக்குப்பிள்ளை தேடினாரு. மேல தேடினாரு, கீழ தேடினாரு, மூலையில தேடினாரு. இல்ல! எப்படி இருக்கும்? ராசா பல்லக்கை விட்டு எறங்குனாத்தானே!

"அப்போ நீங்களும் ஊர்க்காரர் இல்ல. அரண்மனையும் உங்களுது இல்ல. எந்த அரண்மனைக்கு என் கொடிக்கால் போகுது?"

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. ராசா மூஞ்சி செவந்து போச்சு. "சரி சரி, பாவம், கொடிக்காலை உனக்குத் தர்மமா குடுத்துட்டேன். எந்திரிச்சுப் போ."

"எந்திரிக்க முடியாதுங்க" வெள்ளச்சி சொன்னா. "முடிஞ்சாலும் போக மாட்டேன். தர்மம் வேணாம். கல்லு வேணும்!"

கூட்டத்துலேர்ந்து ஒருத்தர் கத்துனாரு, "கல்லைக் குடுங்கய்யா!" அப்புறம் பத்துப் பேரு. அப்புறம் மொத்த ஊரும்.

ராசா யோசிச்சாரு. அவரு கல்லும்தான் சுவத்துல இல்லையே! மெல்லச் சொன்னாரு, "இனிமே எது பதிஞ்சாலும் கல்லுதான்."

வெள்ளச்சி ரெண்டு உள்ளங்கையையும் களிமண்ணுல அழுத்துனா. உடனே ராசா பல்லக்கை விட்டு எறங்கி ஓடி வந்தாரு, காலைத் தூக்கிக்கிட்டு.

"வரிசையில வாங்க ராசா"ன்னா வெள்ளச்சி. ஏன்னா அவ பின்னாடி ஏழு பேரு நின்னாங்க. அவளை மாதிரியே பாதம் பதிக்க முடியாம இத்தனை நாளா வீட்டுக்குள்ளயே இருந்தவங்க. ஒருத்தர் முட்டியைப் பதிச்சாரு, ஒருத்தி முழங்கையைப் பதிச்சா. அன்னிக்கு ராசாவோட கல்லு ஒம்பதாவது!

இதுலேர்ந்து என்ன தெரியுது? சட்டத்துல இடம் கேக்குறவங்க யாரோட தயவையும் கேக்கல, தங்களுக்கு உள்ளதைத்தான் கேக்குறாங்க.