அன்னக்கொடியின் இங்கிலீஷ் நோட்டு

பெரிய டாக்டர் பத்மநாபன் ரவுண்ட்ஸ் வந்தால் ஈ கூடப் பறக்காது. அன்றைக்கு ஆயா அன்னக்கொடியின் கையிலிருந்த நோட்டை வாங்கிப் பார்த்தார். பக்கம் பக்கமாக அவர் வார்டில் சொல்லும் இங்கிலீஷ் வார்த்தைகள், தமிழ் எழுத்தில்.

“பெருக்க வந்தவளுக்கு இங்கிலீஷ் எதுக்கு? ‘பாலியேட்டிவ்’னா என்ன, சொல்லு பார்ப்போம். தெரியலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே.”

கூட வந்த சின்ன டாக்டர்கள் சிரித்தார்கள்.

“தெரியும் சார். நீங்க சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிடுறீங்க. அர்த்தத்தை எல்லாரும் என்கிட்டதான் கேக்குறாங்க. அதான் நர்ஸம்மாகிட்டக் கேட்டு எழுதி வச்சேன். நாலாம் கட்டில் அம்மாவோட வீட்டுக்காரர் அந்தா நிக்கிறார். நேத்து அவர்கிட்ட இந்த வார்த்தையைத்தான் சொன்னீங்க. இன்னைக்கு ஒரு நாள் அர்த்தத்தையும் நீங்களே சொல்லிடுங்க.”

டாக்டர் திரும்பினார். அந்த மனிதர் சாப்பாட்டுத் தூக்கோடு கிட்டே வந்தார்.

“அவளுக்குப் புடிச்ச மீன் குழம்பு சார். நேத்து நீங்க சொன்ன அந்த மருந்துல குணமாயிடும்ல?”

இனிப் பிழைக்க மாட்டாள், வலியை மட்டும்தான் குறைக்கலாம் என்று தமிழில் சொல்ல டாக்டருக்கு நாக்கு எழவில்லை. நோட்டை அன்னக்கொடியிடமே நீட்டினார்.

அவள் நோட்டை வாங்கவில்லை. அந்த மனிதர் கையிலிருந்த தூக்கை வாங்கிக் கீழே வைத்தாள்.

“இப்படி உக்காருங்கண்ணே” என்றாள்.