தெற்கு மூலைக் கல்

"இன்னிக்குச் சொல்லலேன்னா நான் கிளம்புறேன் சாமி."

சிவக்கொழுந்து மூட்டையைக் கட்டியே கொண்டுவந்துவிட்டார். வயசு ஐம்பத்திரண்டு. தச்சுப்பட்டறையைத் தம்பி தலையில் கட்டிவிட்டு மடத்துக்கு வந்து மூன்று வருஷம். சாமிக்கு அவரைவிட இருபது வயசு குறைவு.

"என்ன சொல்லணும்?"

"நான் எதுக்குப் பொறந்தேன்? மூணு வருஷமா கேக்குறேன். நீங்களும் சிரிச்சுக்கிட்டே இருக்கீங்க."

அன்றைக்குச் சாமி சிரிக்கவில்லை. மடத்து வாசலில் நின்று, தெற்கு வீதி மூலையில் கிடந்த கல்லைக் காட்டினார்.

"அதுல உட்காருங்க. இன்னிக்குத் தேர் ஊரைச் சுத்தி நிலைக்குப் போற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது. அப்புறம் வாங்க, சொல்றேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சிவக்கொழுந்து மூட்டையோடு ஓடிப்போய் உட்கார்ந்தார்.

தேர் வந்தது. இழுப்பது ஊர். ஆனால் திருப்புவது ஊர் இல்லை. சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுகிற ஒரே ஒரு ஆள். கட்டையைச் சரித்துப் போட்டால்தான் தேர் வளையும்.

அன்றைக்குப் போட்டவன் புதுசு. நேராகப் போட்டான். தேர் வளையாமல் நீர்மோர்ப் பந்தலைப் பார்த்துப் போனது.

"சரிச்சுப் போடுப்பா!" உட்கார்ந்தபடியே கத்தினார்.

"உட்கார்ந்துக்கிட்டு யாரு வேணா சொல்லலாம் பெருசு! வந்து போடு!"

சிவக்கொழுந்து கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மூன்று வருஷக் கேள்வி. இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்தால் பதில்.

அவன் மறுபடியும் நேராகப் போட்டான்.

மூட்டை எங்கே விழுந்தது என்று சிவக்கொழுந்துக்கே தெரியாது. கட்டை அவர் கையில் இருந்தது. சரித்தார், வைத்தார், கையை இழுத்தார். சக்கரம் ஏறி முனகியது. பந்தலுக்கு ஒரு முழம் இருக்கும்போது தேர் தலையை ஆட்டிக்கொண்டு தெருவுக்குள் திரும்பியது!

ஊர் போட்ட கூச்சலில் காது அடைத்தது.

"பெருசு, அடுத்த மூலைக்கும் வா!"

"வராம? அந்த நீளக் கட்டையை எடுடா!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாமி வந்தார்.

"உங்களை உட்காரச் சொன்னேனே?"

சிவக்கொழுந்து நிமிரக்கூட இல்லை.

"தள்ளி நில்லுங்க சாமி! சக்கரம் வருது!"

சாயங்காலம் தேர் நிலைக்குப் போனது. போனதும் மடத்துக்கு வந்து பதிலைக் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார் சாமி.

சிவக்கொழுந்து போகவே இல்லை.