பூட்டில் சிக்கியவர்

கோவையில் கணினி விளையாட்டுகள் தயாரித்து விற்கும் ஒரு நிறுவனத்தில் புகார் கேட்பது செண்பகவல்லியின் வேலை. காசு கொடுத்து வாங்கியவர்களே தினமும் அழைத்தார்கள். "விளையாட்டை வேறு கணினியில் போட்டால் திருட்டுப் பிரதி என்கிறதம்மா."

அவள் முதலாளி அறவாழியிடம் போனாள். "நகலைத் தடுக்கும் அந்தப் பூட்டை எடுத்துவிடலாம், சார்."

"பூட்டு திருடனுக்குத்தான். நல்லவனுக்கு என்ன கஷ்டம்?"

"திருடன் அதை உடைத்துவிட்டு நிம்மதியாக ஆடுகிறான், சார்."

"அப்படியா? பூட்டில் சிக்கிய ஒரு திருடனைச் சாயங்காலத்துக்குள் என் முன்னால் நிறுத்து. இல்லையென்றால் நாளைக்கு வேலைக்கு வராதே."

சாயங்காலம் அலுவலகமே அவர் அறையில் கூடியது. செண்பகவல்லி தனியாக வந்தாள்.

"எங்கே திருடன்?"

"வெளியீட்டு விழாவில் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய முதல் பிரதி வீட்டில் ஓடுகிறதல்லவா, சார்? அதை இந்த மேசைக் கணினியில் போடுங்கள்."

வீட்டிலிருந்து குறுந்தட்டை வரவழைத்துப் போட்டார். திரை சிவந்தது. 'இது திருட்டுப் பிரதி.'

சிரிக்க எல்லோருக்கும் பயம்.

"நான் காசு கொடுத்து வாங்கியதம்மா இது" என்றார் அறவாழி, மெல்ல.

"பூட்டில் சிக்கிய எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள், சார்."

மறுநாள் பூட்டை எடுத்தார்கள். செண்பகவல்லி வழக்கம்போல வேலைக்கு வந்தாள். தொலைபேசிதான் வெகுநேரம் சும்மா கிடந்தது.