கீரி வைத்தியர் எடுத்த செங்காய்

ஆலகாலம் எழுந்து அண்டமெல்லாம் நடுங்கிய நாளில், அதனைத் தன் கண்டத்தில் நிறுத்தி, அமுதை மற்றவர்க்கு விட்டுக்கொடுத்த நீலகண்டப் பெருமானின் திருவடிகளை முதற்கண் வணங்குவோம். முற்றும் அறிந்தவன் அவன் ஒருவனே. ஏனைய உயிர்கள் யாவும் அறிந்ததோடு அறியாததையும் சுமந்தே திரிகின்றன. அவற்றுள் ஓர் உயிரின் கதை இது.

கொன்றைவனம் என்னும் காட்டில், சுனைக்கரைப் புற்று ஒன்றில் நஞ்சறுத்தார் என்ற கீரி வாழ்ந்து வந்தார். கண்ணுக்கு ஆந்தை, எலும்புக்குக் கரடி, பாம்புக்கடிக்குக் கீரி என்பது அவ்வனத்தின் வழக்கு. நஞ்சறுத்தார் இளமையில் கற்றுத் தேறியபோது, யானையார் தலைமையில் கூடிய வனச்சபை அவரைச் சோதித்து, அவர் கழுத்தில் ஒரு வெட்டிவேர் மாலையைச் சூட்டியது. அம்மாலையை அணிந்தவர் மட்டுமே அவ்வனத்தில் நஞ்சுக்கு மருந்து தரலாம்.

அவருடைய வைத்தியமுறையும் ஊரறிந்தது. கடிபட்டவர் புற்றுக்கு ஓடிவர வேண்டும். வந்தவுடன் கடிவாய்க்கு மேலே காட்டுக்கொடியால் இறுக்கிக் கட்டுவார். கடிவாயைக் கீறிக் குருதியை வடியவிடுவார். அதன் பிறகே மருந்தை ஊட்டுவார். நோயாளியைத் தேடி வைத்தியர் போவது மாலைக்கே இழுக்கு என்பது அவர் கொள்கை.

அவருடைய கைராசிக்கு நடமாடும் சான்று ஒன்றும் இருந்தது. கிளைக்கொம்பன் என்னும் கலைமானை முன்னொரு காலத்தில் நாகம் தீண்டியது. நஞ்சறுத்தார் கட்டினார், கீறினார், மருந்து கொடுத்தார். மான் பிழைத்தது. ஆயினும் கட்டுக்குக் கீழே கால் சூம்பிப் போயிற்று. மூன்று காலால் நொண்டி நொண்டி நாள்தோறும் சுனைக்கு நீர் அருந்த வரும் கிளைக்கொம்பன், புற்றின்முன் நின்று தலைதாழ்த்தும். "காலைக் கொடுத்து உயிரை மீட்டுத் தந்தீர், சுவாமி" என்று சொல்லிவிட்டே போகும். அதைக் கேட்ட பிறகுதான் நஞ்சறுத்தாருக்குக் காலை உணவே இறங்கும்.

இவ்வாறிருக்கையில் வனச்சபை ஒரு புதிய ஏற்பாட்டைச் செய்தது. அதை அறிவிக்க இன்மொழி என்னும் மைனா புற்றுக்கு வந்தாள். மாலை சூடியவர் ஒவ்வொருவரிடமும் இனிப் பருவந்தோறும் தான் வருவதாகவும், அவரவர் துறையில் ஒரு கேள்வி கேட்கப் போவதாகவும் சொன்னாள்.

நஞ்சறுத்தாருக்கு மயிர் சிலிர்த்தது. மாலையைக் கொடுத்தவர்களே மீண்டும் சோதிப்பதென்றால் கொடுத்ததில் ஐயமா என்று வினவினார். தவறாகச் சொன்னால் மாலையைப் பறிப்பார்களா என்றும் கேட்டார்.

"ஒரு தவறுக்காகப் பறிப்பதில்லை, ஐயா. கேள்விக்கே முகம் கொடாமல் இருந்தால்தான் பறிப்போம்."

கேள்வி கேட்ட பின், மரநிழல் நகர்ந்து புற்றைத் தொடும்வரை அவகாசம் உண்டாம். சபைப் பாறையில் பொறித்து வைத்திருக்கும் மருத்துவக் குறிப்புகளைப் போய்ப் படித்துவிட்டு வந்தும் விடை சொல்லலாமாம். பிறர் சொன்ன விடையை வாங்கி ஒப்பிப்பது மட்டும் கூடாதாம். விடை சொன்னதும் சரியான விடையை மைனாவே அங்கேயே விளக்கிவிடுவாளாம்.

நஞ்சறுத்தார் குழம்பிப் போனார். பார்த்துச் சொல்லலாம் என்கிறார்கள். தவறினால் தண்டனை இல்லை என்கிறார்கள். விடையையும் தாமே தருகிறார்கள். இது என்ன சோதனை? இதற்குள் ஏதோ கண்ணி இருக்கிறது என்று அவர் மனம் அடித்துக்கொண்டது.

"இன்னும் ஒன்று. விடையைச் சொல்லும்போது இவற்றில் ஒன்றையும் எடுக்க வேண்டும்" என்று மைனா ஓர் இலையில் மூன்று இலந்தைகளை வைத்துக் காட்டினாள். ஒன்று கனி, ஒன்று பாதி பழுத்த செங்காய், ஒன்று பிஞ்சு. விடையில் முழு உறுதி இருந்தால் கனியை எடுக்க வேண்டும். ஓரளவே உறுதி என்றால் செங்காய். வெறும் ஊகம் என்றால் பிஞ்சு. மறுநாள் வருவதாகச் சொல்லிப் பறந்துபோனாள்.

நஞ்சறுத்தாரின் குழப்பத்தை மோப்பம் பிடித்து நரி வந்தது. மைனா நேற்று ஆந்தையாரிடம் கேள்வி கேட்டதைத் தான் புதருக்குள்ளிருந்து கேட்டதாகவும், விடை தன்னிடம் இருப்பதாகவும் காதோடு சொன்னது. "கண்ணில் பூந்தாது விழுந்தால் கசக்கக் கூடாது, குளிர்ந்த நீரால் கழுவ வேண்டும். இதுதான் விடை. மாலை போன வைத்தியனை எலிகூட மதிக்காது, அண்ணா."

அவரவர் துறையில் என்று மைனா சொன்னது பதற்றத்தில் மறந்துபோக, எல்லோருக்கும் ஒரே கேள்விதான் வரும் என்று எண்ணினார் நஞ்சறுத்தார். இரவெல்லாம் அந்த விடையை உருப்போட்டார்.

மறுநாள் மைனா வந்தாள். "ஒரு மான்கன்றின் காலில் நாகம் தீண்டிவிட்டது. முதலில் செய்ய வேண்டியது யாது?"

அச்சத்தில் கேள்வி அவர் காதிலேயே விழவில்லை. "கசக்கக் கூடாது. குளிர்ந்த நீரால் கழுவ வேண்டும்" என்று ஒப்பித்து, கனியைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

மைனா அவர் பக்கம் தத்தி வந்தாள். "மான்கன்று காலை ஏன் கசக்கப்போகிறது, ஐயா? அது ஆந்தையாரின் விடை. இம்முறை அதை என் செவி கேட்கவில்லை. உம்முடைய விடையைச் சொல்லும். பாறையைப் பார்த்துவிட்டு வருகிறீரா?"

நாணத்தால் அவர் முகம் கறுத்தது. மாலை சூடிய வைத்தியன் பாறையைப் போய்ப் படித்தால் பார்ப்பவர் என்ன சொல்வார்? வேண்டாம் என்றார். கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டிக் கீற வேண்டும் என்று சொல்லி, கையிலிருந்த கனியை மீண்டும் உயர்த்திக் காட்டினார்.

"தவறு, ஐயா" என்றாள் மைனா. குரலில் கடுமை இல்லை. இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, நோயாளியை ஓடவும் நடக்கவும் விடக் கூடாது. கடிபட்ட காலை அசையாமல் வைத்து, காலந்தாழ்த்தாது மருந்து கிடைக்கச் செய்ய வேண்டும். இறுக்கிக் கட்டினால் குருதி ஓட்டம் தடைப்பட்டுக் கட்டுக்குக் கீழுள்ள தசை செத்துவிடும். பல காடுகளின் வைத்தியர்கள் பார்த்துப் பார்த்துத் தெளிந்த செய்தி இது என்று விளக்கினாள்.

"நான் கட்டியவர்கள் பிழைத்திருக்கிறார்களே!"

"அவர்களைத் தீண்டியவை எல்லாம் நாகந்தானா? சாரை கடித்தவன் கட்டினாலும் பிழைப்பான், கட்டாவிட்டாலும் பிழைப்பான். நாகம் தீண்டியவர் பிழைத்திருந்தால், அது உம் மருந்தின் பெருமை."

நஞ்சறுத்தார் கையிலிருந்த கனியை இலையில் திரும்ப வைத்தார்.

"தவறான விடை எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை, ஐயா. அதற்குக் கனியை எடுத்தீரே, அதுதான் அச்சந்தருகிறது. தவறியதை மீண்டும் கேட்பது எங்கள் வழக்கம். அடுத்த பருவத்தில் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் பறந்தாள்.

அடுத்த நாள் கிளைக்கொம்பன் வழக்கம்போல் வந்து தலைதாழ்த்தியது. நஞ்சறுத்தார் முதன்முறையாக அந்தக் காலை உற்றுப் பார்த்தார். நாகம் தீண்டியது குளம்பின் ஓரத்தில். சூம்பல் தொடங்கியதோ அதற்கு வெகு உயரத்தில், கொடி பதிந்த தழும்பிலிருந்து. காலைத் தின்றது நஞ்சா, கொடியா? அவருக்கு அன்று உணவு இறங்கவில்லை.

காடு உறங்கும் நண்பகலில் ஒருநாள் சபைப் பாறைக்குப் போனார். பாறையும் மைனா சொன்னதையே சொன்னது. "மாலை போட்டவருக்குமா பாடம்?" என்று நரி புதரிலிருந்து சிரித்தது. பாறையை நம்புவதா, பட்டறிவை நம்புவதா என்று விளங்காமல், போனபோது இருந்த குழப்பத்தோடேயே திரும்பினார்.

அந்தக் குழப்பம் தெளியுமுன்பே இடி விழுந்தது. வாயில் ஒரு காட்டுக்கொடியைக் கவ்வியபடி கிளைக்கொம்பன் நொண்டிக்கொண்டு ஓடி வந்தது. அதன் மகள் மின்னியைக் காலில் நாகம் தீண்டிவிட்டது. மூங்கில் மேட்டில் கிடக்கிறாள்; புற்றுக்கு ஓடிவரச் சொல்லட்டுமா என்று பதறியது.

"வேண்டாம். அவள் ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது. நானே வருகிறேன்" என்று மருந்தைக் கவ்விக்கொண்டு ஓடினார் நஞ்சறுத்தார். வைத்தியர் நோயாளியைத் தேடி ஓடுவதைக் காடே வியந்து பார்த்துப் பின்தொடர்ந்தது.

மின்னி ஒருக்களித்துக் கிடந்தாள். அவளிடம் அசைய வேண்டாம் என்று சொல்லி, உடனே மருந்தை ஊட்டினார். கிளைக்கொம்பன் கொடியை அவர் முன் வைத்தது.

"கட்டுங்கள், சுவாமி."

"இறுக்கிக் கட்டப் போவதில்லை."

"என்னைக் கட்டித்தானே காப்பாற்றினீர்? என் மகளுக்கு மட்டும் ஏன் மறுக்கிறீர்?"

நரி இதற்காகவே காத்திருந்தது போல, கேள்விக்கு விடை தெரியாதவர் வைத்தியத்தையும் மறந்துவிட்டார் என்று கூட்டத்தாரிடம் சொன்னது. கிளைக்கொம்பன் அதைப் பொருட்படுத்தவில்லை. கீரியின் கண்ணையே நோக்கியது.

"ஒன்று மட்டும் சொல்லுங்கள். உறுதியாகத் தெரியுமா? கனியா?"

மைனா வைக்கும் இலந்தைகளைப் பற்றி அதற்குள் காடு முழுதும் அறிந்திருந்தது. கனி என்று சொல்லிவிட்டால் தந்தையின் மனம் ஆறும். கட்டிவிட்டாலோ எவரும் குறை சொல்லமாட்டார். கன்று இறந்தாலும் மாலை கழுத்திலேயே இருக்கும்.

"செங்காய்தான், கிளைக்கொம்பரே. சபைப் பாறை சொல்வதும் உம் காலில் நான் கண்டதும் ஒத்துப்போகின்றன. அதற்கு மேல் எனக்கு உறுதியில்லை. இவள் பிழைக்காவிட்டால் இந்த மாலையை நீரே கழற்றிக்கொள்ளும்."

மான் மகளின் முகத்தைப் பார்த்தது. பிறகு சரியென்று தலையை ஒருமுறை அசைத்தது.

நஞ்சறுத்தார் ஒரு நேரான மூங்கில் குச்சியைக் காலோடு அணைத்து வைத்து, அதே கொடியால் கால் அசையாதபடி தளர்வாகச் சுற்றினார். அவளருகிலேயே அமர்ந்து நீலகண்டனின் திருப்பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சில வேளை மூச்சு மெலிந்தது. சில வேளை இமை செருகியது. அப்போதெல்லாம் அவர் கண் அந்தக் கொடியின்மேல் போய்ப் போய்த் திரும்பியது. கை மட்டும் போகவில்லை. சூரியன் மேட்டுக்குப் பின் இறங்கும் வேளையில் மின்னி கண்விழித்து, தண்ணீர் வேண்டும் என்றாள்.

காயம் ஆறியது. ஒருநாள் தந்தையும் மகளும் சுனைக்கு வந்தார்கள். மின்னி நான்கு காலாலும் கரையைத் தாண்டிக் குதித்தாள். கிளைக்கொம்பன் மகளின் காலைப் பார்த்தது. பிறகு தன் காலைப் பார்த்தது. நஞ்சறுத்தார் தலைகுனிந்து காத்திருந்தார்.

"என் காலைக் கட்டிய அன்று உம்மிடம் கேள்வியோடு எவரும் வரவில்லை, இல்லையா?" என்று மான் கேட்டது.

"வரவில்லை. வந்திருந்தாலும் அன்று நான் கனியைத்தான் எடுத்திருப்பேன். என்னைப் பொறுத்துக்கொள்ளும்."

மான் நீர் அருந்தியது. நிமிர்ந்து, வழக்கம்போல் புற்றின்முன் தலைதாழ்த்தியது. காலைக் கொடுத்து உயிரை மீட்டதாகச் சொல்லும் அந்த வாசகத்தை மட்டும் அது பிறகு ஒருநாளும் சொல்லவில்லை.

அடுத்த பருவத்தில் மைனா வந்து, முயலின் முன்காலில் விரியன் தீண்டினால் என்ன செய்வது என்று கேட்டாள். நஞ்சறுத்தார் சற்றே பொறுக்கச் சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்கப் பாறைக்குப் போய்ப் படித்து வந்தார். விடையைச் சரியாகச் சொன்னார். சொல்லிவிட்டுச் செங்காயை எடுத்தார்.

"சரியான விடைதானே, ஐயா. கனியை எடுத்திருக்கலாமே?"

நஞ்சறுத்தார் அந்தக் கனியைச் சுனைக்கரைக் கல்லின்மேல் நீலகண்டப் பெருமானுக்கென்று வைத்தார். "அது அவனுக்கு. எனக்கு அடுத்த கேள்வி எப்போது?" என்று கேட்டார்.

ஒருமுறை கற்றுச் சூடிய மாலை, மீண்டும் மீண்டும் வரும் கேள்விக்கு அஞ்சாமல் முகங்கொடுப்பவர் கழுத்திலேதான் மணம் மாறாமல் இருக்கும்.

இக்கதையைக் கேட்டோரும் சொன்னோரும் நோய்நொடி நீங்கி, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவுடைய வைத்தியர் வாய்க்கப் பெற்று, நஞ்சுண்ட நாதன் திருவருளால் நலமே வாழ்க.