பொம்மை வீட்டுச் சாப்பாடு

கோயம்புத்தூர் நளாயினி அம்மாள் வீட்டு விருந்தென்றால் ஊரே பேசும். அந்த வீட்டில் வேலை செய்த துளசிமணிக்கோ என்றைக்கும் முந்தாநாள் மிச்சம்தான். ஒருநாள் அவள் தட்டில் விழுந்த இட்லியில் பச்சைப் பூசணம் பூத்திருந்தது.

துளசிமணி பாலிமர் களிமண்ணில் நகத்தளவு பொம்மைப் பலகாரம் செய்வதில் கெட்டிக்காரி. மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் அசந்துபோக வேண்டுமென்று அம்மாள் ஒரு பொம்மை வீடு வாங்கிவந்து துளசிமணியிடம் கொடுத்தாள்.

“நம்ம வீட்டுல பரிமாறுற அத்தனையும் இதுல இருக்கோணும். ஒண்ணு குறைஞ்சாலும் வாசப்படி மிதிக்காதே.”

“ஒண்ணும் விட மாட்டேனுங்க” என்றாள் துளசிமணி, பல்லைக் கடித்துக்கொண்டு.

மாப்பிள்ளையும் அவன் தாயாரும் வந்தார்கள். கையில் ஒரு மைசூர்பாகோடு பொம்மை வீட்டைப் பார்க்கப் போன தாயார், அதன் கூடத்தில் இருந்த களிமண் விருந்தை ரசித்துவிட்டுப் பின்கட்டில் எட்டிப் பார்த்தார். அங்கே தரையில் நெளிந்த தட்டு, தட்டில் ஒரு களிமண் இட்லி.

“இதென்ன பச்சையா?”

“பூசணமுங்க. அது எனக்குப் போடுற தட்டுங்க” என்றாள் துளசிமணி.

“இதை யாருடி செய்யச் சொன்னது?” என்று அம்மாள் சீறினாள்.

“நீங்கதானுங்க. பரிமாறுறதுல ஒண்ணும் குறையக் கூடாதுன்னீங்க.”

தாயார் துளசிமணியின் பக்கம் திரும்பினார். “இன்னைக்குச் சாப்பிட்டியா, அம்மிணி?”

“இல்லீங்க. இன்னைக்குச் சமைச்சது இன்னும் கெட்டுப்போகலீங்க.”

தாயார் கையிலிருந்த மைசூர்பாகைக் கடிக்காமலே பலகாரத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, மகனைப் பார்த்து, “கிளம்பு” என்றார்.