செங்கோலை விடாத கை

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மழையும் மன்னனும் சொல் தவறாத காலம் போய், மழை மட்டும் தவறாமல் பெய்த காலத்தில், தேனாற்று நாட்டை நெடுங்கண்டன் என்றொரு அரசன் ஆண்டான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். செங்கோல் கையில் இருக்கும்வரை அரசன்மேல் வழக்கில்லை. ஆனால் தை பிறந்ததும் அதை மன்றத்தில் கீழே வைத்துவிட்டு, குடிகள் கேட்பதற்கெல்லாம் அவன் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு வருஷம் தை நெருங்க நெருங்க நெடுங்கண்டன் செங்கோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஏரிக்கரைக்கென்று குடிகள் சுமந்து வந்த கல்லையெல்லாம் தன் அரண்மனைக்குச் சுவராக்கிக்கொண்டவன் அவன். வெறும் மண்கரை உடைந்து, உலகாயி என்றொரு குடியானவளின் புருஷனை வெள்ளம் கொண்டுபோனது. உடைப்பையும் மண்ணைக் கொட்டியே மூடினான். உலகாயி மன்றத்தில் காத்திருந்தாள்.

தை பிறந்தது. "விரல் பிடித்துக்கொண்டது, பிரியவில்லை" என்றான் அரசன்.

அன்றுமுதல் செங்கோலோடு சாப்பிட்டான், இடக்கையால். செங்கோலோடு குளித்தான். செங்கோலோடு தூங்கினான், பாவம், ராணிக்கு நெற்றியெல்லாம் வீக்கம். மகள் கல்யாணத்தில் இரு கையாலும் தாரை வார்க்க வேண்டுமே! அதையும் மந்திரியைக் கொண்டு செய்வித்தான். பெற்ற மகள் அழுதும் அந்தக் கல்நெஞ்சன் அசையவில்லை.

ஐப்பசியில் அடைமழை. ஏரியைப் பார்க்கப் போனவனின் காலடியில் அதே மண்கரை சரிந்தது. தண்ணீர் அவனை இழுத்தது. கரையை அடைக்க ஊரோடு வந்திருந்த உலகாயிதான் கயிற்றை வீசினாள்.

"ரெண்டு கையாலயும் பிடிங்க ராசா!"

"செங்கோலை விட்டால் வழக்குப் போடுவாயே!"

"போடத்தான் செய்வேன். கரை கட்ட மண்ணு சுமக்கச் சொல்லுவாங்க. தலையையா எடுக்கப் போறாங்க? பிடிங்க!"

மண் சுமப்பதா? நானா? நெடுங்கண்டன் யோசித்தான். ஒரு கையில் ஈரக் கயிறு வழுக்கியது. மறு கையில் பொன் கனத்தது.

மழை விட்டபின் அவனைச் சேற்றில் கண்டெடுத்தார்கள். செங்கோல் கையிலேயே இருந்தது. ஆகவே, வழக்கப்படி அவன்மேல் வழக்கில்லை. "ஒரு வார்த்தை பதில் சொல்லாமப் போயிட்டானே பாவி" என்று உலகாயிதான் வாய்விட்டு அழுதாள்.

செய்த தப்புக்குப் பதில் சொல்லப் பயந்து பதவியைப் பிடித்துத் தொங்குகிறவனை, அந்தப் பதவியே மூழ்கடிக்கும்.