நம்ம கூடையில் விழுந்த பந்து

நெடுங்கரை கலைக் கல்லூரியின் பாஸ்கெட்பால் பையன்கள் அந்த வருஷம் ஆறு மேட்ச் ஆடினார்கள். அவர்களைக் கேட்டால் ஆறிலும் ஜெயித்தோம் என்பார்கள். ஸ்கோர் போர்டைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும்.

அந்தக் கல்லூரியில் கேன்டீன் நடத்துகிறேன் நான். வெளியூர் மேட்ச் என்றால் சோறு கட்டிக்கொண்டு வேனில் கூடவே போக வேண்டியது என் பொறுப்பு. விளையாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வேன் பிரேக் பிடிக்குமா, பையன்கள் கையைக் காலை உடைத்துக்கொள்வார்களா, கிளம்பும்போது அடுப்பை அணைத்தேனா என்று கவலைப்படவே எனக்கு நேரம் சரியாக இருக்கும். ஆனாலும் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

வருஷ ஆரம்பத்திலேயே பிரின்சிபால், கோர்ட்டுக்கு நடுவில் நின்று சொல்லிவிட்டார்.

"போன ரெண்டு வருஷமா ஒரு மேட்ச்கூட ஜெயிக்கல. இந்த வருஷம் ஒண்ணாவது ஜெயிக்கணும். இல்லன்னா இந்த இடத்துல பைக் ஸ்டாண்டு போட்டுருவேன்."

பி.டி. மாஸ்டர் தைரியநாதனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "கோர்ட்டு போயிட்டா நான் என்ன சார் பண்றது?"

"ஸ்டாண்டுல டோக்கன் குடுங்க."

மாஸ்டர் இருபது வருஷமாகக் கபடி சொல்லிக் கொடுத்தவர். பாஸ்கெட்பால் அவர் தலையில் வந்து விழுந்தது. ஆனால் பையன்கள் மேல் உயிரையே வைத்திருந்தார். அன்று கேன்டீனில் வந்து உட்கார்ந்து, ஆறிப்போன டீயை ஊதி ஊதிக் குடித்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு வடை வைத்தேன். அதையும் ஊதினார்.

முதல் மேட்ச் எங்கள் கோர்ட்டிலேயே நடந்தது. எழுபத்திரண்டுக்குப் பூஜ்யம். எழுபத்திரண்டு வந்த டீமுக்கு.

எங்கள் பையன்கள் ஐந்து பேரும் துள்ளிக் குதித்தார்கள். கேப்டன் இசக்கிராஜாவைத் தோளில் தூக்கிக்கொண்டு கேன்டீனை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். தோற்றும் மனம் தளராத பிள்ளைகள் என்று மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆட்டத்துல ஒரே ஒரு குறைதாண்டா. பந்து கைக்கு வந்தா விடவே கூடாது" என்றார்.

இரண்டாவது மேட்ச்சில் பந்து இசக்கிராஜாவின் கைக்கு வந்தது. வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். ரெஃப்ரி விசில் ஊதினார். எதிர் டீம் பையன்கள் கிச்சுகிச்சு மூட்டினார்கள். அசையவில்லை. வேறு பந்து கொண்டுவந்து ஆட்டத்தை முடித்தார்கள். திரும்பும்போது வேனில் இடது கையால் பந்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் புளியோதரை சாப்பிட்டான். அது அந்தக் கல்லூரிப் பந்து. ஒரு வாரம் கழித்து அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. பந்தைக் கொடுத்தனுப்பினோம். இசக்கிராஜாவும் கூடவே போய்விட்டு வந்தான்.

மூன்றாவது மேட்ச்சுக்கு முன்னால் மாஸ்டர் லாசரைக் கூப்பிட்டார். லாசர் ஆறடி இரண்டங்குலம். சொன்னால் சொன்னதைச் செய்கிற பையன்.

"அந்த எட்டாம் நம்பர்தான் அவங்க டீம்ல பெரிய ஆட்டக்காரன். அவன் எங்க போனாலும் நீ கூடவே போகணும். ஒரு அடி விலகக் கூடாது."

"சரி சார்."

மேட்ச் முடிந்தது. தோற்றோம். வேனில் ஏறி எண்ணினால் லாசரைக் காணவில்லை. நான் இறங்கிப்போய்க் கோர்ட்டைச் சுற்றித் தேடிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் காலையில் கையில் ஒரு பையோடு கேன்டீனுக்குள் வந்தான்.

"எங்கலே போன?"

"எட்டாம் நம்பர் வீட்டுக்குக்கா. அவன் தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம். நல்ல மனுஷங்க. உங்களுக்கு மைசூர்பாகு குடுத்து விட்டாங்க."

"வீட்டுல ஒண்ணும் சொல்லலியா?"

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்கதான், யாரு இவருன்னு கேட்டாங்க. 'என்னைக் காவல் காக்கிறாரு'ன்னு எட்டாம் நம்பர் சொன்னான். அதுக்கப்புறம் எனக்கும் ஒரு மாலை போட்டாங்க."

நாலாவது மேட்ச்சிலும் தோற்றோம். ஐந்தாவதில்தான் விஷயம் வெளிவந்தது.

எதிர் டீமில் குள்ளமாக ஒரு பையன். பந்தோடு எங்கள் கூடைக்குக் கீழே வந்து எம்பிப் பார்க்கிறான், எட்டவில்லை. எங்கள் சுடலைமணி ஓடிப்போய் அவனை இடுப்பில் பிடித்துத் தூக்கி, "இன்னும் கொஞ்சம் வலதுபக்கம்டே... ஆங், இப்பப் போடு" என்றான். பந்து விழுந்தது. சுடலைமணி அவன் முதுகில் தட்டிக் கொடுத்தான்.

மாஸ்டர் டைம் அவுட் கேட்டார்.

"என்னலே பண்ற?"

"உதவி சார்."

"அவன் நம்ம கூடையில போடுதான். நீ தூக்கி விடுதியே!"

"நம்ம கூடையில போட்டா நமக்குத்தான சார்?" என்றான் சுடலைமணி. அந்த டீமில் யோசிக்கிற பொறுப்பு அவனுடையது. "நம்ம வீட்டுக் கூடையில ஒருத்தன் நாலு கத்தரிக்காய் போட்டுட்டுப் போனா, அது யாரு கத்தரிக்காய்?"

மற்ற நாலு பேரும் தலையாட்டினார்கள்.

மாஸ்டர் தரையில் உட்கார்ந்தார். இத்தனை நாள் ஜெயித்துவிட்டதாக நினைத்துத்தான் பையன்கள் குதித்தார்கள் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. நியாயமாகப் பார்த்தால் முதல் மேட்ச்சிலேயே புரிந்திருக்க வேண்டும். ஆனால் அவரும் அதே கல்லூரியில் படித்தவர்தான்.

"அப்படி இல்லடா. அவன் கூடையில நீ போட்டாத்தான் உனக்குப் பாயின்ட்டு."

"கொண்டுபோய் அடுத்தவன் வீட்டுல போட்டா அது நமக்கு எப்படி சார் ஆகும்?" என்றான் இசக்கிராஜா, வருத்தத்தோடு. மாஸ்டருக்கு வேலை பறிபோகிற கவலையில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

மிச்சம் ஒரே ஒரு மேட்ச். கீழமடைக் கல்லூரியில், சனிக்கிழமை. அதையும் விட்டால் பைக் ஸ்டாண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாஸ்டர் பையன்களை உட்காரவைத்துப் பேசினார்.

"லேய், இந்தக் கோர்ட்டு போயிடக் கூடாது. யாரும் இதுல கை வைக்க விடக் கூடாது. அது உங்க பொறுப்பு."

"நாங்க பாத்துக்கிடுதோம் சார்" என்றான் இசக்கிராஜா.

மறுநாள் காலை இட்லி சாப்பிட வந்தபோது ஐந்து பேர் நகத்திலும் மண். கையெல்லாம் கொப்புளம். கையைக் கழுவிட்டு வாங்கலே என்று விரட்டினேன். வேன் மேலே தார்ப்பாய் போட்டு மூடி நீளமாக என்னவோ கட்டியிருந்தார்கள். இசக்கிராஜா மடியில் மூடி போட்ட வாளி ஒன்று இருந்தது. வழியில் யாருக்காவது வாந்தி வந்தால் பிடிக்க வைத்திருக்கிறான், பரவாயில்லை, பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கு அப்போது கேன் பாலைப் பற்றித்தான் கவலை. டீக்குப் பாலும் சின்ன கேஸ் அடுப்பும் எடுத்துப் போயிருந்தேன். வெயிலில் திரிந்துவிடுமோ என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்தேன்.

கீழமடையில் இறங்கியதும் மாஸ்டர் ஒரு காரியம் செய்தார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அது.

"எல்லாரும் இங்க பாருங்க. அந்தா, மேற்குப் பக்கம் இருக்கு பாருங்க, இன்னைக்கு அதுதான் நம்ம கூடை" என்று எதிர் டீமின் கூடையைக் காட்டினார்.

"அதுவா? அப்ப சரி" என்றார்கள்.

விசில் ஊதியதும் பையன்கள் பந்தை வாங்கி வாங்கி மேற்குக் கூடையில் போட்டார்கள். போடத் தெரியாமல் இல்லை, பாவம், இத்தனை நாளும் தங்கள் கூடையிலேயே போட்டுப் பழகிய கைதானே! கீழமடைக்காரர்கள் கிழக்குக் கூடையில் போட்டதை இவர்கள் தடுக்கவில்லை. "அவங்க வீட்டுல அவங்க போடுதாங்க, நமக்கென்ன" என்று விலகி வழிவிட்டார்கள்.

லாசருக்குக் காவல் காக்க அவர்களின் பதினோராம் நம்பரைக் கொடுத்திருந்தார் மாஸ்டர். அந்தப் பையன் தண்ணீர் குடித்தால் லாசரும் குடித்தான். அவன் ஷூ நாடாவைக் கட்டினால் இவனும் குனிந்தான். பத்தே நிமிஷத்தில் அவன் அழாத குறையாக வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தான். லாசரும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்குத் தங்கச்சி இருக்கா?" என்று விசாரித்தான். அவர்கள் வேறு ஆளை இறக்கினார்கள். எங்களுக்கு நாலு பேர்தான் ஓடினார்கள்.

பாதி ஆட்டத்தில் நாங்கள் நாலு பாயின்ட் முன்னால். அப்போது ரெஃப்ரி வந்து, "பக்கம் மாறணும்" என்றார். மாஸ்டர் அதை மறந்தே போயிருந்தார். இத்தனை நாளும் நின்ற பக்கத்துக் கூடையே தங்களுடையது என்றிருந்த பையன்களுக்கு, இன்று திசை சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

"டேய், இனிமே கிழக்கு கூடைதான் நம்மது."

பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"காலையில மேற்குன்னீங்க" என்றான் இசக்கிராஜா.

"மாறிடுச்சுடா!"

"கூடை எப்படி சார் மாறும்? அது அங்கேயேதான நிக்குது."

சுடலைமணி கண்ணை மூடிக்கொண்டான். எல்லோரும் காத்திருந்தோம். கடைசியில் கண்ணைத் திறந்தான்.

"புரிஞ்சிடுச்சு மக்கா. கூடை மாறல. நாமதான் மாறுதோம். அது வாடகை வீடு. காலி பண்ணிட்டு இந்த வீட்டுக்கு வாறோம்."

மாஸ்டர் அவனைக் கட்டிப்பிடித்தார். "அதேதான்! வாங்க, வாங்க, ஆடுங்க."

"பால் காய்ச்சாமயா?" என்றான் இசக்கிராஜா.

புது வீட்டுக்குப் பால் காய்ச்சாமல் எப்படிப் போவது? எனக்கே அது சரியாகப் படவில்லை. கேஸ் அடுப்பைக் கொண்டுபோய்க் கிழக்குக் கூடைக்குக் கீழே வைத்தேன். பையன்கள் ஷூவைக் கோட்டுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டு வலது காலை முன்வைத்து உள்ளே வந்தார்கள்.

ரெஃப்ரி ஓடிவந்தார். "என்னம்மா இது? ரூல்ல இதெல்லாம் கிடையாது."

"கூடாதுன்னு இருக்கா சார்?" என்று கேட்டான் சுடலைமணி.

ரெஃப்ரி புத்தகத்தைப் புரட்டினார். பால் காய்ச்சக் கூடாது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. புத்தகத்தை மூடிவிட்டு, "பொங்கினதும் சொல்லுங்க" என்று தள்ளி நின்றார்.

கீழமடைக்காரர்களும் வந்து சுற்றி நின்றார்கள். பால் பொங்கியது. பொங்கிய பாலை எல்லோருக்கும் கொடுப்பதுதானே முறை? டம்ளர் டம்ளராகக் கொடுத்தேன். அவர்களின் நாலாம் நம்பர் பையன் மட்டும் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தான். "சீனி தூக்கலா, நல்லா இருக்குக்கா" என்றான். ஒல்லியான பிள்ளை. வீட்டில் சாப்பாடு சரியில்லை போலிருக்கிறது.

மறுபடி ஆட்டம். வெறுங்காலில் சுடுகிறது என்று எங்கள் பையன்கள் நிற்காமல் ஓடினார்கள். அவர்களும் விடவில்லை. ஒன்று இவர்கள், ஒன்று அவர்கள். கடைசி நிமிஷத்தில் அவர்களுக்கு நாற்பது, எங்களுக்கு முப்பத்தொன்பது. பந்து அவர்கள் கையில். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, "டோக்கன்... டோக்கன்..." என்று முணுமுணுத்தார்.

பந்து அந்த நாலாம் நம்பர் பையனிடம் வந்தது. எந்தப் பக்கம் ஓடுவது என்று அவன் ஒரு கணம் நின்றான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். பால் குடித்த கூடை கண்ணில் பட்டது. வேகமாக ஓடிவந்து, எம்பி, அழகாகக் கிழக்குக் கூடையில் போட்டுவிட்டான். எங்கள் கூடையில்.

விசில். நாற்பத்தொன்றுக்கு நாற்பது. ரெஃப்ரி எங்கள் பக்கம் கையைக் காட்டினார்.

மாஸ்டர் அழுதார். நானும் அழுதேன். பையன்கள் மட்டும் நிதானமாக நின்றார்கள்.

"பாத்தீங்களா சார்?" என்றான் சுடலைமணி. "நம்ம கூடையில அவன் போட்டான். யாருக்குப் பாயின்ட்டு? முதல் மேட்ச்லருந்து இதத்தான நாங்க சொல்லுதோம்."

மாஸ்டர் அவசரமாக எல்லோரையும் வேனில் ஏற்றினார்.

லாசர் இல்லாமல்தான் திரும்பினோம். அவன் பதினோராம் நம்பரோடு பஸ் ஏறிப் போனதைப் பார்த்ததாக வாட்ச்மேன் சொன்னார். இந்தத் தடவை நான் கவலைப்படவில்லை. கொஞ்சம்தான் கவலைப்பட்டேன்.

மாஸ்டர் வழியிலேயே போன் பண்ணிவிட்டதால் பிரின்சிபால் மாலையோடு கேட்டில் நின்றார். "சொன்ன சொல்லு சொன்னதுதான். கோர்ட்டு உங்களுக்கே. வாங்க, அங்க வச்சே மாலை போடுறேன்" என்று எல்லோரையும் கட்டடத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

அங்கே ஒன்றுமே இல்லை. கம்பம் இல்லை, பலகை இல்லை, கூடை இல்லை. கம்பம் நின்ற இடத்தில் இரண்டு குழி. மற்றபடி வழித்துப் பெருக்கிய வெறும் மண் தரை. அதில் யாரோ ஏழெட்டு பைக் வேறு நிறுத்தியிருந்தார்கள்.

"கோர்ட்டு எங்கடா?" என்றார் மாஸ்டர்.

"பத்திரமா இருக்கு சார்" என்றான் இசக்கிராஜா. "நாம ஊர்ல இல்லாதப்ப யாராச்சும் கை வச்சிட்டா என்ன பண்றது? அதான் கையோட எடுத்துட்டுப் போயிட்டோம். கம்பமெல்லாம் வேன் மேல இருக்கு."

பிரின்சிபால் மாலையைக் கையில் பிடித்தபடியே தரையைப் பார்த்தார். "கோடு? சுண்ணாம்புக் கோடு இருந்துச்சே?"

இசக்கிராஜா வாளியின் மூடியைத் திறந்து அவரிடம் நீட்டினான். உள்ளே முக்கால் வாளிக்கு வெள்ளை மண்.

"எல்லாக் கோடும் இதுல இருக்கு சார், எண்ணிப் பாத்துக்கிடுங்க. நடு வட்டம் மட்டும்தான் இல்ல. வேன் வளைவுல திரும்பினப்ப மூடி திறந்துக்கிட்டு. நேர்கோடெல்லாம் அப்படியே கிடந்துச்சு. அது வட்டம் பாருங்க, உருண்டு போயிட்டு."